தம்மைக் கண்டு நகைத்தவர்

பிறர் குறையைக் கண்டு நகைப்பது எளிது. தன் குறையைக் கண்டு நகைப்பதோ அரிது. அவ்வரிய பண்பு வாய்க்கப்பெற்றவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். 1771-ஆம் ஆண்டில், தமது 65-ஆம் வயதில், மகன் வில்லியத்துக்குக் கடிதம் வரைவது போல அதனைத் தொடங்கினார். தற்பெருமை பேசும் ஆசையும் தம்மை எழுதத் தூண்டியிருக்கலாம் என்று தொடக்கத்திலேயே கூறி, நம்மை நகைக்கச் செய்கிறார்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருடைய 17 மக்களுள் ஆண்மக்களில் கடைக்குட்டி பிராங்க்ளினே.

பிராங்க்ளின் 16 வயதில் புலால் உண்பதை விட்டார். பின்னர் ஒரு முறை கடற்பயணம் செய்தபோது, காற்று வீசாமையால் கப்பல் நின்றுவிட்டது. உடன் வந்தோர் மீன் பிடித்துப் பொரித்தனர். அதன் மணம் அவர் மனத்தை ஈர்த்தது. கொள்கைக்கும் நாவிற்கும் போர் மூண்டது. பெரிய மீனின் வயிற்றினுள் சிறு மீன்கள் இருந்ததைக் கண்டது அவர் நினைவுக்கு வந்தது. மீனை மீன் தின்னுமாயின், மனிதன் தின்பதில் குற்றம் என்னை என்று எண்ணி, வயிறார உண்டார். பகுத்தறிவு இருப்பதால், விரும்பியதைச் செய்ய ஏதேனும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது என்று தம்மையே எள்ளி எழுதினார்.

நல்லொழுக்கம் பழகுவதற்கு அவர் ஓர் ஏடு வைத்திருந்தார். அதில் 12 நற்பண்புகளைக் குறித்து, தவறிய போதெல்லாம் கரும்புள்ளி இட்டார். உம்மிடம் செருக்கு மிகுதி என நண்பர் ஒருவர் எடுத்துரைக்கவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். செருக்கை வென்றாலும், பணிவுடையவன் ஆனேன் என்ற செருக்கு வந்துவிடுமே என்று பின்னர் நகையாடினார்.

1780-இல் பாரிசுக்கு அருகில் தங்கி, பிரான்சு நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, கால் மூட்டுகளை வீங்கச் செய்யும் கீல்வாதம் அவரை வாட்டியது. வலியால் துடித்த 74 வயது முதியவர், அந்நோயை ஒரு பெண்ணாக உருவகித்து, அவளோடு தாம் வாதாடுவதாக ஓர் உரையாடல் எழுதினார். மிகுதியாக உண்டது, நடவாமல் வண்டியேறியது, நெடுநேரம் சதுரங்கம் ஆடியது எனக் குற்றங்களை அவள் அடுக்குகிறாள். இறுதியில், தன்னையே அவருடைய உண்மை நண்பர் என்கிறாள்!

ஆயினும், ஓரிடத்தில் அவர் நகைக்கவில்லை. 1736-இல் அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் இறந்தான். அக்காலத்து வழக்கப்படி மகனுக்கு அம்மை குத்தாமல் விட்டதை எண்ணி அவர் நெடுங்காலம் வருந்தினார். பிற பெற்றோர்க்கு எச்சரிக்கையாகும் என்று கருதியே அத்துயரை எழுதி வைத்தார்.

மாணவர்களே! தம்மைப் பற்றிய செய்திகளில் எதனை நகைத்துக் கூறலாம், எதனை நகையாது கூற வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டிலும் உண்மையை மறைக்காமையே அவர் எழுத்தின் சிறப்பாகும்.