பொலிகாளையும் மந்தையின் வம்சக் கணக்கும்

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை அங்கத்தினர்கள் வருஷந்தோறும் பரிசோதிக்கிறார்கள். மந்தைக்கும் அவ்வாறே ஒரு கணக்கு உண்டு. அது வழிவழியாக இறங்கிவரும் ஜீன்களின் கணக்காகும்.

ஒரு ஜீனின் இரண்டு பிரதிகள் பசுவினிடம் உள்ளன. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்களுக்கு அல்லீல்கள் என்று பெயர். 100 பசுக்களில் 200 பிரதிகள் இருக்கும். அவற்றுள் 10 பழுதுற்றவையாயின், பழுதுற்ற அல்லீலின் வீதம் நூற்றுக்கு 5 ஆகும்.

கூட்டம் பெரிதாயிருந்து, சேர்க்கை பாரபட்சமின்றி நடந்து, தேர்வும் புதுமாறுதலும் வெளிவரவும் இல்லாவிடில், இவ்வீதம் தலைமுறைதோறும் மாறாதிருக்கும். இதனை இங்கிலாந்துக் கணித நிபுணர் ஹார்டியும் ஜெர்மானிய வைத்தியர் வைன்பர்க்கும் 1908-ம் ஆண்டில் தனித்தனியே விளக்கினர். ஆனால் செயற்கைக் கருவூட்டலில் ஒரே காளை பல்லாயிரம் கன்றுகளுக்குத் தந்தையாவதால், வீதம் விரைவில் மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் 1952-ல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்னும் ஹோல்ஸ்டைன் காளை இதற்குத் தக்க திருஷ்டாந்தம். அதன் வம்சம் கறவைக்குப் பெயர்பெற்றுப் பல தேசங்களிலும் பரவியது. ஆயினும் அக்காளையினிடம் பழுதுற்ற பிரதி ஒன்று மறைந்திருந்தது. ஒரு பிரதி மட்டும் உடைய மாடு நோயின்றி வாழும். இரண்டும் பழுதாயின் 'பிளாட்' என்னும் வியாதி உண்டாகும். வெள்ளை அணுக்கள் இரத்தக் குழாயை விட்டுக் கிருமிகள் உள்ள இடத்திற்குச் செல்ல இயலா. கன்று அடிக்கடி நோயுற்று, பெரும்பாலும் இளமையிலேயே மாண்டுபோகும்.

1992-ல் வெளியான ஆராய்ச்சியில், அமெரிக்க ஹோல்ஸ்டைன் காளைகளில் நூற்றுக்கு 14.1-ம், பசுக்களில் நூற்றுக்கு 5.8-ம் இப்பழுதைச் சுமந்தவை எனக் கண்டனர். சுமக்கும் மாட்டின் இரு பிரதிகளில் ஒன்றே பழுதாதலால், இவற்றைப் பாதியாக்கினால் அல்லீல் வீதம் 7.05, 2.9 என வரும். இரண்டையும் பெருக்கின், ஆயிரம் கன்றுகளில் சுமார் 2 நோயுடன் பிறக்கும் என அறியலாம். லட்சம் கன்றுகளுக்கு இது 200 ஆகும்.

நோயுற்ற கன்றுகளைக் கழிப்பதால் மட்டும் பழுது ஒழியாது. பெரும்பகுதி நல்ல தோற்றமுள்ள மாடுகளில் மறைந்திருக்கிறதன்றோ! சோதித்த தூய காளைகளையே பயன்படுத்தினால், கன்று ஒன்றும் இரு பழுதுப் பிரதிகளைப் பெறாது. பழுதின் வீதமும் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறையும். இந்தியாவிலும் விந்து நிலையங்களில் ஹோல்ஸ்டைன் இனக் காளைகளுக்கு இச்சோதனை செய்யப்படுகிறது.

ஆதலால் அங்கத்தினர்கள் கருவூட்டலின்போது காளையின் எண்ணைக் கேட்டுக் குறித்துவைத்தல் அவசியம். தந்தைக் காளையை அதன் பெண் கன்றுகளுக்கே மீண்டும் சேர்த்தலாகாது. காளை பழுதைச் சுமந்ததாயின், அதன் பெண்களில் பாதியாவது அதனைப் பெற்றிருக்கும். அத்தகைய சேர்க்கையில் 8 கன்றுகளுக்கு 1 வீதம் நோய்க்கு இரையாகும். கறவையை மட்டும் பார்த்துக் காளையைத் தெரிந்தெடுப்பவர் இக்கணக்கையும் சேர்த்துப் பார்ப்பாராக.