வாசலோடு நிற்க வேண்டிய சொல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நிரலைப் பார்த்தேன். ப்ராக்ஸி முகவரிக்குள்ளேயே பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதி, "ஓடுகிறது அக்கா" என்று சொல்லியிருந்தாய். ஓடத்தான் செய்யும். அந்தக் கடவுச்சொல் யார் யார் கைக்கெல்லாம் போகிறது என்று பார்த்தாயா? அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ப்ராக்ஸி 407 என்று பதில் சொன்னால், 'நீ யார்' என்று கேட்கிறது. அதற்கான விடை 'ப்ராக்ஸி ஆத்தரைசேஷன்' என்ற ஹெடரில் போகிறது. அது ப்ராக்ஸிக்கு மட்டுமே உரியது. சாதாரண எச்டிடிபி என்றால் ப்ராக்ஸி கோரிக்கையைப் படித்து, தனக்குரிய ஹெடரை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடும். எச்டிடிபிஎஸ் அப்படியில்லை. முதலில் 'கனெக்ட்' என்று கேட்டுப் பாதை திறக்க வேண்டும். அடையாளத்தை அங்கேயே காட்டி முடித்துவிட வேண்டும். பாதை திறந்த பின் உள்ளே போவது எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டது. ப்ராக்ஸியால் படிக்க முடியாது. படிக்க முடியாததிலிருந்து எதை நீக்கும்? தவறி உள்ளே நுழைந்த ஹெடர் நேரே எதிர்முனை சர்வரின் கையில் விழும்.

இது நடந்த கதை. நீ தினமும் இம்போர்ட் செய்கிற பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலேயே நடந்தது. சர்வர் ஒரு எச்டிடிபிஎஸ் முகவரிக்கு ரீடைரக்ட் செய்தால், ரிக்வெஸ்ட்ஸ் ப்ராக்ஸி விவரங்களை மறுபடி கூட்டும்போது அந்த ஹெடரையும் திரும்ப ஒட்டிவிட்டது. 2014இல் வந்த 2.3.0 பதிப்பிலிருந்து, 2023 மே மாதம் 2.31.0 வரும்வரை இப்படியே இருந்தது. ஒன்பது ஆண்டுகள்! எத்தனை கூர்மையான கண்கள் அந்த நிரலைப் படித்திருக்கும். ஆனால் பக்கம் சரியாக வந்தது, பதில் 200 என்று வந்தது, எந்தச் சோதனையும் தோற்கவில்லை. கசிவு சத்தம் போடாது, தம்பி. திருத்தம் என்னவோ ஒரே ஒரு நிபந்தனைதான்: முகவரி எச்டிடிபிஎஸ் என்றால் ஒட்டாதே. லைப்ரரியைப் புதுப்பித்ததோடு நிற்காமல் ப்ராக்ஸி கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னார்கள். போனது போனதுதானே.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கர்ல் என்ற கருவி 2015இல் திருத்திய குறை அதுதான்: சர்வருக்கென்று நாம் வைத்த ஹெடர்கள் ப்ராக்ஸிக்கும் போய்க்கொண்டிருந்தன. 7.42.1 பதிப்பு முதல் இரண்டுக்குமான ஹெடர்கள் தனித்தனி.

என் முதல் வேலையில் நான் செய்ததையும் சொல்கிறேன். இணைப்பு அறுந்தால் முழு ப்ராக்ஸி முகவரியையும் லாகில் எழுதும்படி வைத்திருந்தேன். அந்த லாக் பலரும் பார்க்கும் இயந்திரத்தில் இருந்தது. மாதக்கணக்கில் என் சக ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் அதில் வெளிச்சமாகக் கிடந்தது. அவரிடம் போய்ச் சொன்ன அந்த நாளை இன்றும் மறக்கவில்லை.

பேசிக் முறையின் பேஸ்64 எழுத்துகளைப் பார்த்து, மறைத்துவிட்டோம் என்று நம்பிவிடாதே; அதை யாரும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். கமாண்ட் வரியிலும் கடவுச்சொல்லை எழுதாதே, 'பிஎஸ்' அடித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். கடவுச்சொல்லில் @ இருந்தால் முகவரியில் %40 என்று எழுது. இல்லையென்றால் முகவரி தவறான இடத்தில் பிளந்து, பாதிக் கடவுச்சொல் சர்வர் பெயராகவே பிழைச்செய்தியில் வந்து நிற்கலாம்.

இந்த வாரம் ஒன்று செய். உன் கணினியிலேயே ஒரு சின்ன ப்ராக்ஸியும், எச்டிடிபிஎஸ்ஸுக்கு ரீடைரக்ட் செய்யும் ஒரு சர்வரும் எழுப்பு. கடைசி சர்வருக்கு வந்து சேரும் ஹெடர்களை அச்சிட்டு, ஒவ்வொரு வரியையும் படி. சான்றிதழ் தகராறு செய்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, சேர்ந்து உட்காரலாம்.

அன்புடன்,
அக்கா