ஸ்க்ரீன் கறுத்தால்? ரீகால் அறிவிப்புக்கும் ரிப்பேருக்கும் நடுவில் இருக்கும் தூரம்

இந்த இதழில் பாதி சர்க்யூட், பாதி சட்டம். ட்ரிபிள்-ஈ, ஈ.சி.ஈ., மெக்கானிக்கல் மட்டும் இல்ல, வீட்டில் கார் இருக்கிற எல்லாரும் படிக்கலாம்.

முதலில் ஒரு சின்ன கேள்வி. உங்க வீட்டு காரிலோ, மாமா ஓட்டுற டாக்ஸியிலோ ஸ்பீடோமீட்டரில் முள் இருக்கா, இல்ல முழுக்க ஸ்க்ரீன் தானா? ஸ்க்ரீன் என்றால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

முள் போய் ஸ்க்ரீன் வந்தது

பழைய காரில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் நேராக ஸ்பீடோமீட்டருக்கு வரும். பெட்ரோல் அளவு காட்ட தனி ஒயர், தனி முள். ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும். இப்போது வேகம், பெட்ரோல், இன்ஜின் சூடு, ஏ.பி.எஸ். லைட், ஏர்பேக் லைட் எல்லாமே ஒரே ஸ்க்ரீனில் வருகிறது. அந்த ஒரு யூனிட் படுத்தால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். டிசைன் வகுப்பில் 'ஒற்றைத் தோல்விப் புள்ளி' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இது கற்பனை பயம் இல்ல. 2023 ஜூனில் கியா இந்தியா 30,297 கேரன்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. 2022 செப்டம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை தயாரான வண்டிகள் அவை. வண்டி ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் டிஜிட்டல் மீட்டர் எதுவும் காட்டாமல் போகலாம் என்பதுதான் பிரச்சினை. தீர்வு, இலவச சாஃப்ட்வேர் அப்டேட்.

2025 நவம்பரில் மாருதி சுஸுகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்பீடோமீட்டர் யூனிட்டில் உள்ள பெட்ரோல் அளவும் எச்சரிக்கை லைட்டும் சரியான நிலையைக் காட்டாமல் போகலாம் என்று அறிவித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்று, எதுவுமே காட்டாத ஸ்க்ரீன். இன்னொன்று, தப்பாகக் காட்டுற ஸ்க்ரீன். எது ஆபத்து? கறுத்த ஸ்க்ரீனைப் பார்த்ததும் டிரைவர் உஷாராகிவிடுவார். தப்பாகக் காட்டுவதை நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பார். கால் டேங்க் இருக்குன்னு நினைத்து ராத்திரி பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குக் கிளம்பி, பாடாலூர் தாண்டி பைபாஸ் நடுவில் வண்டி நின்றால் எப்படி இருக்கும்? பின்னாடி வருவது லாரியும் ஆம்னி பஸ்ஸும்.

ஏன் கெடுகிறது? நான்கு காரணங்கள்

முதல் காரணம், 12 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி பழசு என்றால் அந்த நொடியில் வோல்ட்டேஜ் 10-க்குக் கீழே இறங்கிவிடும். அதே நொடியில்தான் மீட்டருக்குள் இருக்கும் புராசஸர் பூட் ஆகிறது. போதுமான வோல்ட்டேஜ் இல்லாமல் பாதியில் ரீசெட் ஆகி மாட்டிக்கொண்டால் ஸ்க்ரீன் வராது. அதனால் ஸ்க்ரீன் மாற்றணும் என்று யாராவது சொன்னால் முதலில் மல்டிமீட்டரை எடுங்க. வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வரும்.

இரண்டாவது, தகவல் தொடர்பு. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது கேன் பஸ் வழியாக. பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-ல் அறிமுகம் செய்தது. இரண்டு ஒயர், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். இரண்டும் பேரலல் என்பதால் நடுவில் அளந்தால் 60 ஓம் வரணும். ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-வது, 14-வது பின். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளக்கணும். 120 காட்டினால் எங்கேயோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யம் அருகே காட்டினால் இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கிறது. கேட்வே இருக்கிற புது வண்டிகளில் இந்த அளவு ஒரு பகுதியைப் பற்றி மட்டும்தான் சொல்லும், அதையும் மனசில் வையுங்க. வெளியே செட், கேமரா மாட்டும்போது ஒயரை வெட்டி டேப் சுற்றிவிடுகிறார்களே, அந்த இடத்தை முதலில் பாருங்க.

மூன்றாவது, மெமரி தேய்மானம். ஃபிளாஷ் மெமரியில் ஒவ்வொரு பிளாக்கையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு எல்லை உண்டு. டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் இருந்த 8 ஜிபி சிப்புக்கு அது சுமார் 3,000 தடவை. ஒரு பிளாக் தினமும் சராசரியாக 1.5 தடவை எழுதப்பட்டால் 3,000 ÷ 1.5 = 2,000 நாள், அதாவது ஐந்தரை வருஷம். 0.7 தடவை என்றால் சுமார் 11.7 வருஷம். நிறைய ஓட்டுகிறவருக்கு சீக்கிரம் தீரும், கம்மியாக ஓட்டுகிறவருக்கு தாமதமாகும். சிப் தீர்ந்ததும் நடு ஸ்க்ரீன் போகும், அதோடு ரிவர்ஸ் கேமராவும் போகும். இது தேய்மானம்தானே, குறைபாடா என்ற விவாதம் எழுந்தது. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் டெஸ்லாவை ரீகால் செய்யச் சொல்லி எழுதியது. பிப்ரவரியில் 1,34,951 கார்களுக்கு ரீகால் வந்தது. கார் பத்து, பதினைந்து வருஷம் ஓடணும். ஐந்து வருஷத்தில் தீருகிற பாகத்தைப் பாதுகாப்பு வேலைக்கு வைத்தால் அது டிசைன் தப்புதான்.

நான்காவது, பவர் எலெக்ட்ரானிக்ஸ். இதற்குத் தனித் தலைப்பே வேணும்.

குளம் நிறைய தண்ணி, மாடி டேங்க் காலி

எலெக்ட்ரிக் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியின் பல நூறு வோல்ட்டை இறக்கி 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இ.வி.6 கார்களில் அது ஐ.சி.சி.யு. என்ற யூனிட்டுக்குள் இருக்கிறது. அது பழுதானால் 12 வோல்ட் பேட்டரி மெல்ல இறங்கும். ஸ்க்ரீன், லைட், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுவது அந்த 12 வோல்ட்டில்தான். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தும் வண்டி கடைசியில் நின்றுவிடும். கிணறு நிறைய தண்ணி இருந்தும் மோட்டார் ஓடாததால் மாடி டேங்க் காலியான மாதிரி.

ஐயோனிக் 5 நம்ம தமிழ்நாட்டில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் ஆலையில் அசெம்பிள் ஆன வண்டி. 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியா 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. ஜூலையில் கியா இந்தியா 1,138 இ.வி.6 கார்களை அழைத்தது. அதே கியா, 2025 பிப்ரவரியில் 1,380 இ.வி.6 கார்களை ஐ.சி.சி.யு. சாஃப்ட்வேருக்காக மறுபடி அழைத்தது. அமெரிக்காவிலும் இதே கதை. 2024 மார்ச்சில் ஒரு ரீகால், நவம்பரில் இன்னும் பெரிய ரீகால், ஏற்கெனவே சரிபார்த்த வண்டிகளையும் சேர்த்து.

இதிலிருந்து ஒரு பாடம்: ஒரு தடவை போய் வந்துவிட்டோம், முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ரீகால் என்பது அப்பப்போ செக் பண்ண வேண்டிய விஷயம்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 2012-லிருந்து வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த தன்னார்வ ரீகால் நடைமுறை இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 110-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறைபாடு இருந்தால் மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-லிருந்து அமலில் உள்ளன. அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை போகும். கம்பெனி தானே கண்டுபிடித்து, அரசுக்குத் தெரிவித்து அழைத்தால் அபராதம் இல்லை. போக்குவரத்து அமைச்சகத்தின் போர்ட்டலில் உரிமையாளர்களே குறைபாட்டைப் பதிவு செய்யலாம். குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் விசாரணை தொடங்கும். அதனால் உங்க ஒரு புகார் வீணாகாது.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. ரீகால் அறிவிப்பு என்பது 'வண்டியைக் கொண்டு வாங்க, காசு வாங்காம சரி பண்ணித் தர்றோம்' என்ற அழைப்பு மட்டும்தான். பேப்பரில் '30,297 கார்கள் திரும்ப அழைப்பு' என்று வந்த அன்று சரியான கார்களின் எண்ணிக்கை பூஜ்யம். ஜெர்மனியில் பாதுகாப்பு ரீகாலை ஒருவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தால் அந்த வண்டி ரோட்டில் ஓடவே தடை போட முடியும். அமெரிக்காவில் 35-க்கு மேல் வண்டி வைத்திருக்கும் வாடகை கார் கம்பெனி, ரீகால் வேலை முடியாத வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்று 2016-லிருந்து சட்டம் இருக்கிறது. இங்கே வண்டியை உள்ளே கொண்டுபோய் விடுற வேலையைப் பெரும்பாலும் நாமே பார்க்க வேண்டியிருக்கு.

பெரம்பலூர், அரியலூர் கணக்கு

நம்ம இரண்டு மாவட்டத்திலும் எல்லா கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டர் இல்லை. நிறைய பேருக்கு திருச்சிதான். பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், போய் வர 120, நடுவில் சமயபுரம் டோல்கேட். அரியலூரிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம். அரை மணி நேர சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு ஒரு டாக்ஸி டிரைவர் ஒரு நாள் வருமானத்தை விடணும். போன பிறகு 'பார்ட் வரல, அடுத்த வாரம் வாங்க' என்றால்? மறுபடி ஒரு நாள். அடுத்த தடவை அவர் போகமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

இரண்டாவது சிக்கல் செகண்ட் ஹேண்ட். கம்பெனியின் லெட்டரும் மெசேஜும் அவங்க ரெக்கார்டில் இருக்கிற ஆளுக்குத்தான் போகும். சென்னையில் ஒருவர் வாங்கி, திருச்சியில் கைமாறி, ஜெயங்கொண்டத்துக்கு வந்த வண்டிக்கு அந்தத் தகவல் வந்து சேர்வது சந்தேகம்தான். வண்டியில் குறை இருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

சரி, என்ன பண்ணலாம்?

1. ஆர்.சி. புக்கில் சேஸிஸ் நம்பர் இருக்கும், 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. மாருதி என்றால் பெரும்பாலும் எம்.ஏ.3, ஹூண்டாய் எம்.ஏ.எல்., டாடா எம்.ஏ.டி. என்று தொடங்கும். பல கம்பெனிகளின் வெப்சைட்டில் இதைப் போட்டால் ரீகால் பாக்கி இருக்கா என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன்னாடி கட்டாயம் பாருங்க.

2. வண்டி கைமாறியிருந்தால் கஸ்டமர் கேருக்குப் பேசி உங்க போன் நம்பரையும் அட்ரஸையும் மாற்றச் சொல்லுங்க.

3. சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன்னாடி போன் பண்ணி, சேஸிஸ் நம்பர் சொல்லி, பார்ட் கையில் இருக்கா என்று கேளுங்க. நாள், நேரம் வாங்கிக்கொண்டு போங்க. வீட்டில் வந்து வண்டியை எடுத்துப் போவார்களா என்றும் கேளுங்க. கேட்காமல் யாரும் சொல்லமாட்டாங்க.

4. ஜாப் கார்டில் 'ரீகால் வேலை' என்று எழுதச் சொல்லுங்க. பார்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதையும் எழுதி வாங்குங்க. வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

5. ஸ்க்ரீன் கறுத்தால் உடனே பேட்டரியைக் கழற்றி மாட்டாதீங்க. ஸ்க்ரீன் திரும்ப வரலாம், ஆனால் பல வண்டிகளில் உள்ளே பதிவான ஃபால்ட் கோடும் அழிந்துவிடும். சர்வீஸில் 'ஒண்ணும் இல்லையே சார்' என்பார்கள். முதலில் போனில் வீடியோ எடுங்க, தேதியும் கிலோமீட்டரும் குறித்து வையுங்க.

6. ஓடும்போது கறுத்தால் பதறாம வேகத்தைக் குறைங்க. இடது பக்கம் ஒதுங்கி ஹசார்ட் லைட் போடுங்க. ஓடுகிற வண்டியை ஆஃப் பண்ணக் கூடாது, பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும்.

7. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடணும். நாலாவது பாயிண்டில் சொன்ன பேப்பர் அங்கேதான் பேசும்.

நமக்கு ஒரு வேலை

நம்மில் பல பேர் இன்னும் கொஞ்ச நாளில் ஆட்டோமொபைல் கம்பெனிகளில்தான் உட்காரப் போறோம். டிசைன் ரிவ்யூவில் 'சிப் எத்தனை வருஷம் தாங்கும்?', 'ஸ்க்ரீன் செத்தால் வேகத்தை டிரைவர் எப்படித் தெரிந்துகொள்வார்?' என்று ஒருத்தராவது கேட்கணும். அந்த ஒருத்தர் நம்ம காலேஜிலிருந்து போனவராக இருக்கட்டும்.

அதுவரைக்கும் கையில் இருப்பது போனும் நெட்டும். இந்த வாரம் உங்க வீட்டு வண்டி, பக்கத்து வீட்டு வண்டி, உங்க ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் தெரிந்தவர் வண்டி, மூன்றின் சேஸிஸ் நம்பரையும் போட்டுப் பாருங்க. ஒன்றில் பாக்கி இருந்தாலும் அந்த ஆளிடம் சொல்லி, சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, நாள் வாங்கிக் கொடுங்க. வண்டி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் அந்த ரீகால் முடிந்தது என்று கணக்கு.