தசையைத் தளர்த்தும் உலோகம்

மூட்டை சுமப்போரின் தோளையும் பந்தாடும் சிறுவரின் காலையும் இயக்குவன தசைகள். தசை சுருங்குவதற்கு ஆற்றல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். சுருங்கிய தசை மீண்டும் தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதைப் பலர் அறியார். வளைத்த வில் கைவிட்டதும் தானே நிமிர்வதுபோலத் தசையும் தானே தளரும் என எண்ணுவது இயல்பே. ஆயினும் அது உண்மையன்று.

உயிர் நீங்கிய உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போகிறது. உயிருள்ள தசைகளுக்கு ஆற்றல் வழங்குவது ஏ.டி.பி. எனப்படும் பொருள். உயிர் நீங்கியபின் அது புதிதாக உண்டாவதில்லை. எஞ்சியிருந்ததும் தீர்ந்தவுடன், ஒன்றையொன்று பற்றிய தசையிழைகள் விடுபட வழியின்றி இறுகி நின்றுவிடுகின்றன. தளர்தலும் ஒரு தொழிலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வாற்றற்பொருள் மக்னீசியத்துடன் இணைந்த நிலையிலேயே தசையில் தொழிற்படுகிறது. நரம்பின் கட்டளை வந்ததும், தசையணுவினுள் உள்ள நுண்ணிய பைகளிலிருந்து கால்சியம் வெளிப்பட்டுப் பரவுகிறது, தசை சுருங்குகிறது. அக்கால்சியம் மீண்டும் பைகளுக்குள் ஏற்றப்பட்டாலன்றித் தசை தளராது. ஏற்றும் வேலைக்கு வேண்டும் ஆற்றலைத் தருவது மக்னீசியம் சேர்ந்த அப்பொருளே. ஓயாது சுருங்கி விரியும் இதயத்திற்கும் இது பொருந்தும்.

1808ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹம்ப்ரி டேவி இவ்வுலோகத்தைத் தனியே பிரித்தெடுத்தார். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பிலும், எஞ்சியதிற் பெரும்பகுதி தசை முதலிய மென்பகுதிகளிலும் அமைந்துள்ளது. குருதியில் இருப்பது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆதலின் குருதியை மட்டும் சோதித்து உடலின் இருப்பை முழுமையாக அளந்துவிட இயலாது.

இச்சத்தை உணவிலிருந்தே பெறவேண்டும். இலைக்குப் பசுமை தரும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் மக்னீசிய அணு ஒன்று வீற்றிருக்கிறது. எனவே கீரைகளில் இது மிகுதி. பயறு வகைகள், எள், நிலக்கடலை, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றிலும் நிறைய உண்டு. நெல்லிலும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் தங்கியிருக்கிறது. அரிசியை நன்கு தீட்டும்போது அவை நீங்கிவிடுகின்றன. சத்து மாட்டுத் தொட்டிக்கும் வெண்மை மனிதரின் இலைக்கும் வந்து சேர்வது விந்தையான பங்கீடு! நாளொன்றுக்கு ஆடவர்க்கு 440 மில்லி கிராமும் பெண்டிர்க்கு 370 மில்லி கிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வகுத்தது.

நெடுநாள் வயிற்றுப்போக்கு, மிகு குடிப்பழக்கம், சிறுநீரைப் பெருக்கும் சில மருந்துகள் ஆகியவற்றால் இச்சத்துக் குறையக்கூடும். அப்போது தசை நடுங்கும், சோரும், பிடித்துக்கொள்ளும். இதனைக் கேள்வியுற்றோர் சிலர், இரவில் கெண்டைக்காலில் குரக்குவலி கண்டவுடன் மக்னீசிய மாத்திரையை நாடுகின்றனர். குரக்குவலி அனைத்தும் இக்குறையால் வருவன அல்ல. பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் குழுவினர், முதியோரின் குரக்குவலியை இம்மாத்திரை குறிப்பிடத்தக்க அளவு தடுப்பதாகத் தோன்றவில்லை என்று 2020ஆம் ஆண்டில் தெரிவித்தனர். மிகுதியாகச் சேரும் மக்னீசியத்தை நலமுள்ள சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகங்களால் அது இயலாது. அந்நிலையில் மாத்திரையே நஞ்சாகி, மூச்சையும் இதயத்தையும் தாக்கக்கூடும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் அதனை உண்ணல் தகாது. திடீரென வரும் குரக்குவலிக்கு மாத்திரையினும் விரைந்து உதவுவது கைதான்: முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை உடலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தால், கெண்டைக்காலின் பிடிப்புப் பெரும்பாலும் சிறிது நேரத்தில் விட்டுவிடும்.