உம்ரா டிக்கெட்: மதீனாவில் இறங்குவோம், ஜித்தாவில் ஏறுவோம்

உம்ராவுக்குச் செல்லும் நம்மில் பலர் ஜித்தாவில் இறங்கி, ஜித்தாவிலேயே ஏறும்படி டிக்கெட் எடுக்கிறோம். மக்காவில் உம்ராவை முடித்து மதீனா சென்றபின், விமானம் ஏற மறுபடியும் சுமார் 400 கிலோமீட்டர் ஜித்தாவுக்கு வர வேண்டும். வயதான பெற்றோருக்கு இது பெரும் சிரமம். வண்டிச் செலவும் தனி.

டிக்கெட் தேடும்போது ‘ரவுண்ட் டிரிப்’புக்குப் பதில் ‘மல்டி சிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள். போவதற்குச் சென்னை–மதீனா, வருவதற்கு ஜித்தா–சென்னை என்று கொடுங்கள். மதீனாவில் முதலில் இறங்கினால் விமானத்தில் இஹ்ராம் கட்டும் பதற்றம் இல்லை. மக்கா செல்லும் வழியில் துல்ஹுலைஃபாவில் நிதானமாக நிய்யத் வைக்கலாம். மக்காவிலிருந்து ஜித்தா சுமார் 80 கிலோமீட்டர்தான்.

கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. டிக்கெட் சற்றுக் கூடுதலாக இருந்தால், மிச்சமாகும் வண்டிச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. ஒரே டிக்கெட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால், திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

4. ஏஜெண்ட் மூலம் எடுத்தாலும், பணம் கட்டும் முன் இறங்கும் ஊர், ஏறும் ஊர் இரண்டையும் படித்துப் பாருங்கள்.

பல வருடம் சேர்த்த பணத்தில் போகிறோம். அலைச்சலில் கழியும் ஒரு நாளை இபாதத்தில் கழிப்போம், இன்ஷா அல்லாஹ்.