ஜோன் காட்னர்: நாவலாசிரியரும் நல்லாசிரியரும்

எழுதும் ஆற்றல் பிறவிப் பேறு. அதனைப் பள்ளியிற் கற்பித்தல் இயலாது என்பார் பலர். இல்லாத ஆற்றலை ஆசிரியன் உண்டாக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், உள்ளதனைத் துலக்குதற்கு அவனாற் செய்யத்தக்கது யாது என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் காட்னரின் வாழ்வு தக்க சான்றாகும்.

காட்னர் 1933ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்துப் பட்டேவியா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பாற்பண்ணை நடத்திய உழவர். தாயார் ஆங்கில ஆசிரியை. 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, பதினொரு வயதுச் சிறுவனாகிய காட்னர் உழவு இயந்திரத்தைச் செலுத்திச் செல்கையில், தம்பி கில்பேட் தவறி வீழ்ந்து, பின்னே இழுபட்டு வந்த கனத்த உருளையின்கீழ் நசுங்கி இறந்தான். அத்துயர் காட்னரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. 1977இல் வெளிவந்த 'மீட்பு' என்னும் சிறுகதை அதனிலிருந்தே பிறந்தது.

1958இல் அயோவாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு கலிபோர்ணியாவிலுள்ள சிக்கோ அரசினர் கல்லூரியில் ஆசிரியரானார். அக்காலத்தில் அவருடைய நாவல் ஒன்றேனும் அச்சேறவில்லை. அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர், பிற்காலத்திற் சிறுகதையாற் புகழெய்திய றேமண்ட் காவர். இளவயதிலேயே இரு மக்களுக்குத் தந்தையாகி, வறுமையில் உழன்ற காவருக்கு அமைதியாக இருந்து எழுத இடமில்லை. இதனை அறிந்த காட்னர் தம் அலுவலக அறையின் திறவுகோலை அவரிடம் கொடுத்தார். வார இறுதி நாட்களில் அவ்வறையிலிருந்தே காவர் எழுதிப் பழகினார்.

காட்னர் கதைகளைத் திருத்திய முறை நம்மனோர் கருதத்தக்கது. சில சொற்களை அவர் முற்றாக வெட்டிவிடுவார். அவற்றைப் பற்றி வாதத்துக்கு இடமில்லை. வேறு சிலவற்றை அடைப்புக்குறிக்குள் இடுவார். அவை மாணவனோடு கலந்துபேசி முடிவு செய்தற்குரியன. நல்ல வரியைக் கண்டவிடத்து ஓரத்திலே பாராட்டு எழுதுவார். காற்புள்ளி ஒன்று நிற்க வேண்டிய இடத்தைப் பற்றியும், உலகில் வேறு கருமம் இல்லையென்பதுபோல் உரையாடுவார். காலின்கீழ்க் கிடக்கும் மண்ணைச் சொல்ல வந்தவன் 'பூமி' எனப் பெருஞ்சொல் பெய்தல் ஆகாது என்பார். எனினும், சொற்குற்றத்தினும் பெரிய குற்றம் ஒன்றை அவர் கண்டித்தார். எழுதுவோன் தான் உணராததை உணர்ந்தவன்போல் எழுதுவதே அது.

1966இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பேவுல்பில் வரும் அரக்கனே தன் கதை கூறுவதாக அமைந்த 'கிரென்டல்' 1971இல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. 1976இல் வந்த 'ஒக்டோபர் ஒளி' அமெரிக்க நூல் திறனாய்வாளர் வட்டத்தின் பரிசைப் பெற்றது. கலை வாழ்வை வளம்படுத்தல் வேண்டும் என வற்புறுத்தி, உடன்காலத்து எழுத்தாளரைக் கடிந்து 1978இல் அவர் எழுதிய நூல் பலரது பகைமையைத் தேடித் தந்தது. 1982 செப்ரெம்பர் 14ஆம் நாள், பென்சில்வேனியாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் மாண்டார். அப்போது வயது நாற்பத்தொன்பது. பட்டேவியாவில் தம்பியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். எழுத்துக் கலை பற்றி அவர் இயற்றிய இரு நூல்கள் மறைவின்பின் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றுக்கு முன்னுரை வரைந்தவர் அம்மாணவராகிய காவரே.

மாணவனுடைய கட்டுரைக் கொப்பியைப் பிழை எண்ணும் ஏடாக நோக்குதல் எளிது. அதனை ஒரு நூலாசிரியனின் கையெழுத்துப் பிரதியாக மதித்து வாசித்தலே காட்னர் காட்டிய நெறி. அங்ஙனம் மதிக்கப்பட்ட மாணவன் தன் சொல்லைத் தானே மதிக்கத் தொடங்குவான். ஆசிரியனாற் கற்பிக்கத்தக்கது அதுவே, அது சிறிதன்று.