பெஞ்சிலிருந்து எழுந்து ஊழியத்துக்கு

சிலருக்குத் திடப்படுத்தல் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை. வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒருமுறைக்கு மேல் வாசித்திருப்பார்கள். கன்வென்ஷன் நாட்களில் நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் உட்காருவார்கள். "ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்கிறீர்களா?" என்று ஆயர் கேட்டால் மட்டும், "ஐயா, எனக்கு இன்னும் அவ்வளவு தெரியாதே" என்று ஒதுங்கிவிடுவார்கள். நம் சபைகளில் இதைப் பணிவு என்று பாராட்டுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கற்றதை இன்னொருவருக்குப் பயன்படுத்திப் பார்க்கும்வரை, எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. ஒரு சின்னப் பிள்ளை, "டீச்சர், யோனாவுக்கு மீனுக்குள்ள மூச்சு முட்டலையா?" என்று கேட்கும்போதுதான், யோனாவின் புத்தகத்தை நாம் எப்படி வாசித்திருக்கிறோம் என்பது வெளியே வரும்.

ஆலோசனை கேட்டு வருகிறவர்களை அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நிதானமாக வாசிக்கச் சொல்வேன். அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ எபேசுக்கு வருகிறார். வேதத்தில் தேர்ந்தவர், பேச்சில் வல்லவர். ஆனால் யோவானின் ஞானஸ்நானத்துக்கு அப்பால் அவருக்குத் தெரியாது. தெரிந்த அளவை ஜெப ஆலயத்தில் துணிந்து பேசுகிறார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அதைக் கேட்கிறார்கள். கூட்டத்தின் நடுவே எழுந்து மறுத்துப் பேசாமல், அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, விடுபட்டதை விளக்கிச் சொல்கிறார்கள். கூடாரம் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். அந்தப் பேச்சாளரோ ஒரு தொழிலாளித் தம்பதியிடம் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார். பிறகு அவர் அகாயாவுக்குப் போக விரும்பியபோது, எபேசு சகோதரர்கள் அங்குள்ள சீஷர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவைத்தார்கள்.

தெரிந்ததைக் கொண்டு தொடங்கினார், திருத்தத்தை ஏற்றார், சபையின் கடிதத்தோடு போனார். நம்மிடையே இந்த மூன்றில் ஏதாவது ஒன்று விடுபடுகிறது. சிலர் தொடங்குவதே இல்லை. சிலர் தொடங்கியபின் யார் சொல்லையும் காதில் வாங்குவதில்லை. இன்னும் சிலர் எந்தச் சபைக்கும் கணக்குச் சொல்லாமல், தனி ஊழியம் என்று வாசலில் போர்டு மாட்டிவிடுகிறார்கள்.

எந்த வேலையில் தொடங்குவது? "எனக்கு என்ன வரம் இருக்கிறது?" என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். சபையில் எந்த வேலைக்கு ஆளில்லை என்று பாருங்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப்போனதால் எழுந்த முறுமுறுப்புதான், ஏழு பேரைத் தெரிந்துகொள்ளக் காரணமாயிற்று. பந்திவிசாரணைக்கென்று நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஸ்தேவான். இன்னொருவரான பிலிப்பு பிறகு சமாரியாவில் பிரசங்கித்தார். சாப்பாட்டு வரிசையைக் கவனித்த காலத்திலேயே அவர்கள் ஊழியர்கள்தாம்.

உங்கள் சபையிலும் அப்படிப்பட்ட வேலைகள் இருக்கும். நடக்க முடியாத பெரியவரை ஆட்டோவில் ஆராதனைக்கு அழைத்துவருவது. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொடுத்துத் தாலுகா அலுவலகம்வரை கூடப் போவது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தருவது. துக்க வீட்டில் மூன்றாம் நாளுக்குப் பிறகு, கூட்டமெல்லாம் கலைந்த பின்னால், போய் உட்கார்ந்திருப்பது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒன்றை மட்டும். உற்சாகத்தில் பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம், கேரல் ரவுண்ட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பெயர் கொடுப்பவர்கள் அடுத்த ஈஸ்டருக்குள் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு மூன்று மணி நேரம், ஓர் ஆண்டுக்கு விடாமல் செய்யக்கூடிய வேலையாக இருக்கட்டும்.

அந்த முதல் ஆண்டில் மைக்கைத் தேடிப் போகாதீர்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணிப்புப் பொறுப்பில் வைக்க வேண்டாம், உதவிக்காரரை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில் அனுபவம் பேசுகிறது. கைதட்டலுக்குப் பழகியவரைத் திருத்துவது மிகவும் கடினம்.

தனியாகத் தொடங்கவும் வேண்டாம். ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவரும் ஒருவரோடு போங்கள். முதலில் பக்கத்தில் நின்று பார்ப்பது, பிறகு அவருக்கு உதவுவது, அதன்பின் அவர் பார்க்க நீங்கள் செய்வது, கடைசியில் தனியாகச் செய்வது. மருத்துவமனைச் சந்திப்பு ஊழியத்தையே எடுத்துக்கொள்வோம். அது எளிது என்று நினைத்துத்தான் பலர் போகிறார்கள். உண்மையில் பழகாதவர் அதிகம் காயப்படுத்துவது அங்கேதான்.

வார்டுக்குள் போனதும் நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். "என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு செலவு?" என்று விசாரணை நடத்தாதீர்கள், அவர் சொல்ல விரும்பினால் சொல்வார். உங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய் வந்த கதை அவருக்கு வேண்டாம். ஜெபிக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். சரி என்றால் மெல்லிய குரலில், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் வலி இருக்கிறது, அவருடைய நம்பிக்கை வேறாகவும் இருக்கலாம். விசுவாசம் இருந்திருந்தால் இந்த நோய் வந்திருக்காது என்றோ, ஏதாவது பாவம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் என்றோ ஒருபோதும் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாகத்தான் இருந்தார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. பத்து நிமிடம் போதும். கிளம்பும்போது துணைக்கு இருப்பவரைத் தனியே அழைத்து, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்விக்குத்தான் கண்ணீர் வரும். நோயாளியோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அவர் சொன்ன எதையும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வெளியே பரப்பவும் கூடாது.

ஆராதனை அறைக்கு வெளியே, ஆளோடு ஆள் போய்த்தான் இவற்றைக் கற்க முடியும். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் வழியில், கூட வந்தவரிடம், "நான் சொன்னதில் எது சரியில்லை?" என்று கேளுங்கள். நீங்கள் மூத்தவராக இருந்தால் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் செய்ததைச் செய்யுங்கள்: திருத்தத்தைத் தனியே சொல்லுங்கள், கமிட்டிக் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளோடு வேலை என்றால் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும். காணிக்கை எண்ணும்போது இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். எவ்வளவு பக்தியுள்ளவருக்கும் இதில் விலக்குக் கொடுக்காதீர்கள்.

படிப்பு நிற்கக் கூடாது, ஆனால் அதன் திசை மாறும். முன்பு எல்லாவற்றையும் கேட்டுவைத்தீர்கள். இனி செய்கிற வேலைக்காகப் படிப்பீர்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, பிறகு வாரம் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். துக்க வீடுகளுக்குப் போகிறவருக்குச் சங்கீதங்களில், குறிப்பாகப் புலம்பல் சங்கீதங்களில், நல்ல பழக்கம் வேண்டும். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. மதுரை அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இயங்குகிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்பும் விசுவாசிகளுக்கென்று செராம்பூர் கல்லூரி செனட்டும் படிப்புகள் வைத்திருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகுதான் ஊழியம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நம் திருநெல்வேலிச் சபைகளின் வரலாறு அப்படித் தள்ளிப்போட்டவர்களால் எழுதப்படவில்லை. 1778-ல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற விதவை 1785-ல் பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். கிராமங்களில் சபையை நாள்தோறும் தாங்கியவர்கள் உபதேசிமார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபடியே ஜெபமும் நடத்தியவர்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அந்தத் தூண்டுதலோடு திரும்பியவர், மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றார். 1912-ல் தோர்ணக்கல் பேராயரான பிறகு, எழுத்தறியாத தெலுங்குக் கிராம மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, அவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற கருத்தில் சொல்லவைத்தார். விசுவாசத்தில் சேர்ந்த அன்றே அவர்கள் ஊழியத்திலும் சேர்ந்தார்கள். மூன்று தலைமுறை கிறிஸ்தவர்களான நாம் இன்னும் தகுதியை அளந்துகொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வீட்டை மறந்து ஊழியம் செய்யாதீர்கள். கதரேனர் நாட்டில் குணமான மனிதன் இயேசுவோடு வரக் கேட்டபோது, அவர் அவனை அவனுடைய இனத்தாரிடமே திருப்பி அனுப்பினார். மனைவியோ கணவரோ உங்கள் சந்திப்பு நாளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டு, அதன்படி நாளை மாற்றிக்கொள்ளுங்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், சில ஆண்டுகளாவது பகுதிநேரமாகச் செய்துபாருங்கள். ஆயரும் உங்களைத் திருத்தத் தயங்காத இரண்டு நண்பர்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பவுலே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார்.

நடுவில் நீங்கள் நின்றுவிடவும் கூடும். மாற்கு பம்பிலியாவில் பவுலையும் பர்னபாவையும் விட்டுத் திரும்பிப் போனார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்க்கப் பவுல் மறுத்தார். பர்னபாவோ அவரை அழைத்துக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பலேறினார். பிற்காலத்தில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்ற பொருளில் எழுதினார். இடையில் விட்டுப்போனவர் திரும்பி வந்தால், பழைய காரணத்தைத் துருவிக்கொண்டிருக்காமல் அடுத்த சந்திப்புக்குக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

வேலை கைவந்த பிறகு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே, உங்களோடு வர ஒருவரைத் தேடுங்கள். உங்களைவிட இளையவராக இருந்தால் நல்லது. அவர் வகுப்பு எடுக்கும் முதல் நாளில் நீங்கள் பின்னால் உட்காருங்கள். அவர் ஒரு வசனத்தைத் தவறாகச் சொன்னாலும் எல்லார் முன்னிலும் குறுக்கிடாமல் வகுப்பு முடிந்தபின் பேசுங்கள். தொடங்கவே இன்னும் துணியாதவர்கள், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய், "ஐயா, மருத்துவமனைச் சந்திப்புக்கு யார் போகிறார்கள்? இந்த வாரம் அவரோடு நானும் போகலாமா?" என்று கேளுங்கள். பொதுவாக, ஏதாவது ஊழியம் கொடுங்கள் என்று கேட்டால், பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். வேலையின் பெயரையும் நாளையும் சொல்லிக் கேட்டால் அப்போதே ஒருவரைக் கைகாட்டுவார்.